ஒரே மூச்சில் மூணு குரல்

அந்த மலர் வளையத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ச்சு வைங்க தம்பி. பஸ் போடுற ஆட்டத்துல பூவெல்லாம் உதிர்ந்து என் வேட்டியில விழுது. யாருக்கு இது? ரிப்பன்ல என்னமோ எழுதியிருக்கே, கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாது, வாசிங்க. ‘முடியாட்சியை வீழ்த்திய மக்கள் தலைவர் சன்னாசிக்கு வீரவணக்கம்.’ ம். அப்போ நீங்களும் தேவகுன்றத்துக்குத்தான் போறீங்க. லாரி டிரைவர் சங்கமா? சரி, போங்க, போங்க.

முடியாட்சியை வீழ்த்தினாராம். யார் வீழ்த்தினது, எது வீழ்த்தினதுன்னு எங்கிட்டக் கேளுங்க. உங்களுக்கு ஒரு முப்பத்தஞ்சு வயசு இருக்குமா? அன்னைக்கு நீங்க அரைஞாண் கயிறோட திரிஞ்சிருப்பீங்க. நான் அரண்மனை வாசல் மாடத்துல நின்னவன். உங்க தலைவர் இருக்காரே, அவருக்குக் கட்டிக் குடுத்தது என் கூடப் பொறந்த தங்கச்சி பவளத்தைத்தான். என் பேரு ஆதிமூலம். உங்க சங்கத்துல அந்தப் பேரைச் சொல்லியிருக்க மாட்டாங்க. சொல்லியிருந்தாலும் நல்லவிதமாச் சொல்லியிருக்க மாட்டாங்க.

இந்தப் பையில இருக்கிறது கோடிச் சேலை. புருஷன் செத்தா பொறந்த வீட்டுலேருந்து கூடப் பொறந்தவன் கோடி கொண்டுபோயிப் போடணும், உங்க பக்கத்துலயும் அந்த முறை இருக்கும்ல? பவளம் எங்கூடப் பேசி முப்பது வருஷம் ஆச்சு. இன்னைக்கு அவ இதை என் கையால வாங்கிட்டா எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. வாங்காம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா, அத்தனை சனத்துக்கு முன்னால நான் யாரோ ஒருத்தன். அவ்வளவுதான் விஷயம். சாவுச் சேதி கூட எனக்கு யாரும் சொல்லி அனுப்பல தம்பி. அந்த ஊர்ல பொறப்பு, எறப்பு, வரி, திருவிழான்னு எல்லாத்தையும் கூவிச் சொன்னவன் நான். எனக்கு ஒரு எழவைச் சொல்ல ஒரு ஆள் வரல. டீக்கடையில எவனோ பேப்பர் படிச்சான், காதுல விழுந்துச்சு.

நான் கட்டியக்காரன். இப்ப உள்ளவங்களுக்கு அது என்னன்னே தெரியாது. ராஜா வெளியில வந்தா முன்னாடி நடந்து பட்டப்பேரெல்லாம் கூவணும். கடைசியில ‘பராக், பராக், பராக்’னு மூணு குரல். அந்த மூணும் ஒரே மூச்சுல வரணும். நடுவுல மூச்சு வாங்கினா ராஜாவுக்கு ஆயுசு கொறையும்னு சாஸ்திரம். எங்கப்பா என்னைக் குளத்துல கழுத்தளவுத் தண்ணியில நிக்கவச்சுப் பழக்கினாரு. பன்னண்டு வருஷம் நான் கூவுனதுல ஒரு நாள் மூச்சு அறுந்தது கெடையாது. ராஜாவுக்குச் சொல்றது போக, அரண்மனை உத்தரவு எதுவா இருந்தாலும் நாலு வீதியிலயும் என் வாயாலதான் ஊருக்குப் போகும்.

சன்னாசி வண்டிக்காரன். ரெண்டு வண்டி, நாலு மாடு. வண்டிக்காரங்களுக்கெல்லாம் அவன்தான் மூப்பன் மாதிரி. ஆளு கறுப்பு, பல்லு வெளுப்பு, நடுவுல ஒரு மீசை. பவளத்தைப் பொண்ணு பார்க்க வந்தப்ப அவ அந்த மீசையைப் பார்த்துத்தான் சம்மதிச்சான்னு எங்கம்மா சொல்லிச் சிரிப்பா. எனக்கும் மீசை இருந்துச்சு. சுமாரா.

இந்தப் புரட்சி எதனால வந்துச்சுன்னு புஸ்தகத்துல எழுதியிருக்காங்களாமே. கூலி இல்லாம வெட்டிக்கு வண்டி ஓட்டச் சொன்னாங்க, ராஜா வீதியில செருப்புப் போடக்கூடாதுன்னாங்க, ஓட்டு வீடு கட்ட அரண்மனையில அனுமதி கேக்கணும்னாங்க, மழையில்லாத வருஷத்துலயும் அரண்மனைக் களத்துக்கு நெல்லு அளக்கச் சொன்னாங்க. இதெல்லாம் எங்க தாத்தன் காலத்துலேருந்து இருக்கு தம்பி. எவன் செத்தான் இதனால? சில பேரு செத்தானுக, இல்லேங்கல. ஆனா யாரும் கம்பைத் தூக்கிக்கிட்டு வரலையே. ஏதோ தேசத்துல ராஜா தலையையே எடுத்தாங்களாம், ரொட்டி இல்லேன்னு. எங்க ஊர்ல மீசைக்கு. கேக்கவே வெக்கமா இல்ல?

பெரிய ராணி காலமானாங்க. ராஜாவோட தாயாரு. ராஜகுடும்பத்துல பெரிய சாவு விழுந்தா, ஊர்ல உள்ள ஆம்பளைங்க எல்லாம் மீசையை எடுத்துட்டுப் பதினாறு நாள் துக்கம் காக்கணும். பழைய வழக்கம். நடுவுல ரெண்டு மூணு சாவுக்கு யாரும் வற்புறுத்தல. இந்தத் தடவை திவான் புதுசு. ஊர் ரொம்பத் துளுத்துப் போச்சு, இதை வச்சு அடக்கிப்புடலாம்னு நெனைச்சாரு. எங்கிட்டத் தாளைக் குடுத்தாரு. நான் முதல்ல என் மீசையை எடுத்தேன். அப்புறம் நாலு வீதியிலயும் கூவினேன். கூவிட்டு வண்டிப்பேட்டைப் பக்கம் வர்றேன், சன்னாசி நுகத்தடியில சாஞ்சு நின்னுக்கிட்டு என் மேலுதட்டையே பார்க்கிறான். பக்கத்துல இருந்த பயலுக எல்லாம் சிரிச்சானுக.

அன்னைக்குச் சாயங்காலம் அவன் வீட்டுக்கே போனேன். மாப்பிள்ளை, பதினாறு நாள்தானே, களை மாதிரித் திரும்ப முளைச்சுட்டுப் போகுதுன்னு பக்குவமாச் சொன்னேன். பவளமும் எடுத்துடுங்களேன்னுதான் சொன்னா. அவன் எனக்குச் சோறு போடச் சொல்லிட்டுச் சொன்னான்.

“வண்டி வெட்டிக்கு ஓட்டினேன் மச்சான். விறகு சும்மா ஏத்தினேன். இது என் சோத்துல வளர்ந்தது.”

எவ்வளவு திமிர் பாருங்க. நான் அந்தச் சோத்தைச் சாப்பிடாம எந்திரிச்சு வந்துட்டேன்.

மூணாம் நாள் திவான் கூப்பிட்டாரு. ஊர்ல பாதிப் பேரு எடுக்கல. யாரை ஒருத்தரை எடுக்க வச்சா மத்தவன் தானா வழிக்கு வருவான்னு கேட்டாரு. நான் சொன்னேன். என்ன தப்பு? கேட்டாரு, சொன்னேன். சம்பளம் வாங்குறவன் பொய் சொல்ல முடியுமா? சொந்தத் தங்கச்சி புருஷன்னு ஒரு எரக்கம் காட்டுவாங்க, வீட்டுக்குள்ளாற வச்சு நைசா முடிச்சிடுவாங்கன்னு நெனைச்சேன். சந்தையன்னைக்கு, நடுச்சந்தையில, அவன் வண்டிச் சக்கரத்துலயே அவன் கையைக் கட்டி உக்கார வைப்பாங்கன்னு எனக்கு யாரு சொன்னா?

அரண்மனை நாவிதர் இடப்பக்கத்தை எடுத்தாரு. சந்தையில மாடு கூட அசை போடல. வலப்பக்கம் வந்தாரு. கத்தியை வச்சாரு, எடுத்தாரு. அப்புறம் கத்தியை மடக்கினாரு. கை ஓடல சாமி, என்னை என்ன வேணா செஞ்சுக்கங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. நீங்க வளையம் வைக்கணும்னா அந்த மனுஷனுக்கு வைங்க. முதல்ல உத்தரவைக் கீழ போட்டவரு அவருதான். பக்கத்துல இருந்த சிப்பாய்களுக்குக் கத்தி புடிக்கத் தெரியல. அவுத்து விட்டுட்டானுக.

சன்னாசி மீதியையும் எடுத்திருக்கலாம். இல்ல, துண்டைப் போட்டு மூடிக்கிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பாதி மீசையோட டீக்கடைக்குப் போயி உக்காந்து டீ குடிச்சான். மறுநாள் வண்டிக்காரன் பூராப் பேரும் பாதி மீசை. அதுக்கு மறுநாள் நெசவுத் தெரு. அப்புறம் செக்கடி, எண்ணெய்க் கடை, பள்ளிக்கூடத்து வாத்தியாரு. எட்டாம் நாள் பார்த்தா அரண்மனை மாட்டுக் கொட்டகையில சாணி அள்ளுறவன் பாதி மீசையோட நிக்கிறான். திவானுக்குப் பைத்தியம் புடிக்காத கொறை. இது உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சதா, மீறினதான்னு எந்தச் சட்டத்துலயும் இல்லையே. நீங்க சிரிக்கிறீங்க. அவனுகளுக்குப் பாதியாவது இருந்துச்சு தம்பி. எனக்கு ஒண்ணுமே இல்ல. தெருவுல நான் போனா பொம்பளைங்க கூட முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. அந்த எரிச்சல் இன்னைக்கும் எனக்கு வயித்துல இருக்கு.

ராஜா நல்லவரு. மலைக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருந்தவரு திரும்பி வந்தாரு, கார்ல வரும்போதே ஊரு மூஞ்சியைப் பார்த்தாரு, சிரிச்சுட்டாரு. உத்தரவைத் திரும்ப வாங்கிக்கலாமேன்னு சொன்னாராம். திவான் விடல. ஒருதடவை கூவின வாக்கைத் திரும்ப வாங்கினா அப்புறம் எந்த வாக்கும் நிக்காதுன்னாரு. எங்கிட்டயும் கேட்டாங்க, வழக்கம் உண்டான்னு. கூவினதை இல்லேன்னு கூவுற வழக்கம் எங்க வம்சத்துல கெடையாதுன்னு சொன்னேன். உண்மைதானே அது?

பதினாறாம் நாள் கருமாதிக்கு விறகும் அரிசியும் கொண்டார அறுபது வண்டி வரணும். வந்துச்சு. அத்தனையும் காலி வண்டி. அரண்மனை வாசலுக்கு நேரா வரிசையா நிறுத்தி மாட்டை அவுத்துட்டானுக. பின்னாலயே ஊரு வந்து, வண்டிகளைத் தாண்டி வாசல்கிட்ட நின்னுச்சு. ஆம்பளை, பொம்பளை, அவ்வளவு பேரும். சன்னாசி கையில ஒரு தாளு. வெட்டி இனிமே கெடையாது, செருப்பு, ஓடு, நெல்லு, எல்லாம் வரிசையா எழுதி வச்சிருந்தான். மீசையைப் பத்தி அதுல ஒரு வரி இல்ல, அதையும் சொல்லிடுறேன். கல்லு ஒண்ணு வந்துச்சு. எவன் எறிஞ்சான்னு தெரியாது. வாசல் விளக்கு உடைஞ்சுது.

திவான் எங்கிட்ட ஒரு தாளைக் குடுத்து மாடத்துல ஏத்திவிட்டாரு. கலைஞ்சு போங்க, இல்லேன்னா சுடுவாங்க. இதை மூணு தரம் சொல்லணும், சட்டம் அப்படி. சுபேதார் வடக்கத்தி ஆளு, அவனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மூணு குரல் விழுந்தா சுடலாம், அது மட்டும் தெரியும்.

நான் கூவினேன். நல்லாத்தான் கூவினேன், கடைசி வண்டி வரைக்கும் கேட்டிருக்கும். சட்டப்படி மூணு தரம் சொன்னேன். கேட்டுட்டு ஓடாம நின்னா அதுக்கு நான் பொறுப்பா? அந்த நேரம் பார்த்து இவ கூட்டத்தை விலக்கிக்கிட்டு முன்னால வர்றா. பவளந்தான். புரட்சிக்கெல்லாம் வரல அவ. மாடத்துல என்னைப் பார்த்துட்டா. “அண்ணே, எறங்கி வா அண்ணே”ன்னு வலது கையைத் தூக்கிக் கூப்பிட்டா. யாரு அவளை முன்னால வரச் சொன்னது? அத்தனை பேரும் பின்னால போறப்ப இவ மட்டும் எதுக்கு முன்னால வரணும்? அறிவு வேண்டாமா ஒரு பொம்பளைக்கு?

ரெண்டு பேரு அந்த இடத்துலயே போயிட்டாங்க. ஒருத்தர் அந்தப் பள்ளிக்கூட வாத்தியாரு. இவளுக்குத் தோள்ல குண்டு. பொழைச்சுக்கிட்டா. கை மட்டும் அதுக்கப்புறம் மேல எழும்பல.

அப்புறம் என்ன, பார்த்திருப்பீங்களே புஸ்தகத்துல. உள்ளூர்ச் சிப்பாய்க துப்பாக்கியைக் கீழ போட்டுட்டானுக. உச்சிப் பொழுதுக்குள்ள ராஜா பின்வாசல் வழியா ரெண்டு பெட்டியும் நாயும் கார்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. நாய்க்கு இடம் இருந்துச்சு. பன்னண்டு வருஷம் முன்னால நடந்து கூவினவன் மாடத்துல நிக்கிறேன், ஒரு தரம் திரும்பிப் பார்க்கல. நான் குறை சொல்லல. அவசரம்.

தர்பார் மண்டபத்துல மக்கள் கமிட்டி உக்காந்துச்சு. என்னைக் கொண்டுபோயி நிறுத்தினாங்க. தூக்குல போடணும்னு ஒருத்தன், கழுதை மேல ஏத்தணும்னு ஒருத்தன். மரியாதையாப் பேசத் தெரிஞ்சவன் ஒருத்தன் இல்ல. சன்னாசி தலைமை. தோள்ல கட்டோட பவளமும் அந்த மூலையில பாய்ல உக்காந்திருக்கா. அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“மச்சான், ஒரு தரத்துக்கும் மறு தரத்துக்கும் நடுவுல நேரம் விட்டீங்களா?”

விட்டேன்னு சொன்னேன்.

பவளம் எந்திரிச்சா. என்னைப் பார்த்தா. வெளியில போயிட்டா. அதுதான் கடைசி. சன்னாசி கமிட்டிப் பக்கம் திரும்பினான். “விட்டுடுங்க அவரை. அவருக்குக் குரல் உண்டு, பேச்சு கெடையாது”ன்னான். தூக்குல போட்டிருந்தா ராஜவிசுவாசின்னு எனக்கும் எவனாவது ஒருத்தன் வளையம் கொண்டாந்திருப்பான். இப்படி ஒரு சொல்லைச் சொல்லி அனுப்பிட்டான் பாருங்க. அதைத்தான் என்னால மன்னிக்க முடியல.

சரி, ராஜா போனதுல என்ன மிச்சம்? சொல்லுங்களேன். மூணு மாசம் கமிட்டி. அப்புறம் சமஸ்தானத்தை சர்க்கார் எடுத்துக்கிச்சு. அரண்மனை தாலுகா ஆபீஸ் ஆச்சு. திவான் உக்காந்த அதே நாற்காலியில தாசில்தார் உக்காந்தாரு. அன்னைக்கு ராஜாவுக்குக் காத்துக்கெடந்த அதே வாசல்ல இன்னைக்கு மனுவோட காத்துக்கெடக்கிறானுக. கமிட்டியில இருந்தவனுகள்ல ரெண்டு பேரு காண்ட்ராக்ட் எடுத்து மாடி வீடு கட்டிட்டானுக. ராஜா வீதியில செருப்புப் போட்டு நடக்கலாம், அது ஒண்ணு. நானும் போட்டு நடந்தேன். நடக்காம? கால் சுடும்ல.

சன்னாசி ரெண்டு தடவை சேர்மன். ஓட்டு வீடுதான் கடைசி வரைக்கும். சும்மா, ஊருக்குக் காட்டறதுக்கு. என் பொண்டாட்டி செத்தப்ப இருவது மைல் சைக்கிள்ல வந்தான். தோள் குடுத்துத் தூக்கினான். குழி மூடுற வரைக்கும் நின்னான். எல்லாம் பேரு வாங்கத்தான். அங்க என் மக, மருமகன், நாலு பக்கத்து வீட்டுக்காரங்க, அவ்வளவு பேருதான் இருந்தோம். பவளம் வரல. அவ எங்கன்னு கேட்டேன். வரமாட்டேன்னுட்டா மச்சான்னான். அவன் ஒருநாளும் அந்தப் பேச்சை எங்கிட்ட எடுத்ததில்ல. எடுத்திருந்தா நானும் நாலு வார்த்தை பதில் சொல்லியிருப்பேன்.

நீங்க ஏன் தம்பி ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிறீங்க? இவ்வளவு நேரமாச் சொல்றேன். அது பாலம். இன்னும் ரெண்டு ஸ்டாப்புதான்.

ஒரு கணக்கு மட்டும் சொல்றேன், கேளுங்க. ஒரு பொம்பளை. கூட்டத்துக்கு நடுவுல இருக்கா. மேலேருந்து சத்தம் கேக்குது. கேட்டு, புரிஞ்சு, திரும்பி, முன்னால இருக்கவனைத் தள்ளி, முப்பதடி தாண்டி வண்டிக்குப் பின்னால போகணும். எவ்வளவு நேரம் ஆகும்? என் பொண்டாட்டி இருந்தவரைக்கும் அவளைக் கொல்லைக்கும் வாசலுக்கும் நடக்கவிட்டு எண்ணியிருக்கேன். எதுக்குன்னு அவ கேட்டதில்ல. நாப்பது எண்ணிக்கை. மெதுவா நடந்தா நாப்பத்தஞ்சு. அப்போ நான் முதல் குரல் குடுத்துட்டு நாப்பது எண்ணியிருந்தா, ரெண்டாவது குடுத்துட்டு இன்னொரு நாப்பது எண்ணியிருந்தா, அவ எங்கிட்ட வந்திருப்பா, இல்ல வண்டிக்குப் பின்னால போயிருப்பா. வாத்தியாரும் போயிருப்பாரு.

நான் ஒண்ணு கூட எண்ணல தம்பி.

கல்லு வந்து விளக்கு உடைஞ்சதும் நான் பயந்துட்டேன். வாயைத் தொறந்தேன். பராக் பராக் பராக்னு எப்படி வருமோ அப்படியே வந்துடுச்சு. மூணும் ஒரே மூச்சுல. கொஞ்சங்கூட அறுபடல. எங்கப்பா கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. கீழ நின்னவளுக்கு அது ஒரு தரமாத்தான் கேட்டிருக்கும். அண்ணன் கூவுறான், இன்னும் ரெண்டு தரம் கூவுவான், அதுக்குள்ள கூப்பிட்டுடலாம்னு வந்திருக்கா.

இதோ, மேளச் சத்தம் கேக்குது. எறங்குங்க, வளையத்தைப் பார்த்து எடுங்க, படியில இடிக்கும். நானும் எறங்குறேன். நீங்க முன்னால போங்க தம்பி. அங்க கோடி கொண்டு வர்றவனைப் பந்தல்ல ஒருத்தர் கூவித்தான் அழைப்பாங்க, அது வேண்டாம். நீங்களே நேரா அவகிட்டப் போங்க. வலது கை தூக்க முடியாம உக்காந்திருப்பா, அவதான் பவளம். உங்க அண்ணன் வந்திருக்காருன்னு ஒரே ஒரு தரம் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க, அவ எந்திரிச்சு உள்ள போறதா இருந்தா போகட்டும். அதுவரைக்கும் நான் இந்தப் புளியமரத்தடியில நிக்கிறேன்.